நூற்று மூன்றாவது அடி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் விஷயத்தில் நானே எளிதில் நம்புகிற ஆள் இல்லை. யாராவது இப்படி ஒரு கதையை ஆரம்பித்தால், "ஆதாரம் எங்கே?" என்று கேட்டு அதைக் கெடுப்பவன் நான்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஒரு தாள். என் கைப்பட எழுதிய அரசாங்கப் படிவம். தேதி 2018 அக்டோபர் 25, வியாழக்கிழமை. நேரம் மாலை 3:52 முதல் 4:19 வரை.

ஆமாம், மாலைதான். நடுநிசி இல்லை. சுடுகாட்டில் சவால் விட்டுப் போய் உட்காரவும் இல்லை. சம்பளத்துக்குச் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலைகளில் நான் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. என் பெயர் தில்லைராஜன். அங்கத்திய வாயில் அது 'டில்' ஆகிவிட்டது. ஊறுகாயில் போடும் ஒரு தழைக்கும் அங்கே அதே பெயர் என்பதால், புதிதாக யாரைப் பார்த்தாலும் ஓர் ஊறுகாய் ஜோக் நிச்சயம். முதல் ஐந்து வருடம் சிரித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலக்கரிக்காக மலையை வெட்டுகிற கம்பெனி, வெட்டும் முன்பே அரசாங்கத்திடம் ஒரு பிணைத்தொகை கட்டவேண்டும். வெட்டி முடித்த பிறகு பள்ளத்தை மூடி, சரிவை ஒழுங்கு செய்து, புல்லும் மரமும் வளர்த்துக் காட்டினால் அது படிப்படியாகத் திரும்பக் கிடைக்கும். கடைசிப் படியில் நான் போவேன். பச்சை பிடித்திருக்கிறதா என்று அளப்பேன். கையெழுத்துப் போடுவேன். அதோடு கம்பெனி கழன்றுகொள்ளும். அதற்கப்புறம் அந்த மலையைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

கம்பெனி விண்ணப்பித்ததும் பேப்பரில் விளம்பரம் வரும். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் எழுதலாம். யாரும் எழுதமாட்டார்கள். 2018-இல் அப்படி ஒரு மலை என் மேசைக்கு வந்தபோது மட்டும் ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், பென்சிலால்.

எழுதியவர் ரீபா ஸ்டிட்ஹம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அறுபத்தொரு வயது. அந்த மலையின் கிழக்கு மூலையில் தன் குடும்பத்தின் கல்லறைகள் இருந்தன, ஆறு பேர், கம்பெனி மண்ணைத் தள்ளி மூடிவிட்டது என்று எழுதியிருந்தார். தாத்தா, பாட்டி, அவர் அம்மாவுக்குப் பிறந்து இறந்த நான்கு பிள்ளைகள். அவர்களைக் கண்டுபிடித்துத் தந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது. பேய் பயம் இல்லை. வேறு பயம்.

2003 பிப்ரவரியில், அந்த மலையை வெட்டும் முன், அங்கே கல்லறை இருக்கிறதா என்று நடந்து பார்த்தவன் நான். அப்போது அரசாங்க வேலையில் இல்லை. படிப்பை முடித்த கையோடு, கம்பெனிக்காக அளந்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். கணுக்கால் வரை பனி. எனக்குக் கல்லறை என்றால் சிலுவை இருக்கவேண்டும், பெயர் இருக்கவேண்டும். அங்கே ஏழை வீடுகளில் பெயர் வெட்டமாட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று நட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். நான் பார்த்தது கற்கள். 'கல்லறை: இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பனியில் தலை நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கற்கள் ஒரே வரிசையில் இருந்தன என்பது எனக்கு நினைவிருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தபோதும் சொல்லவில்லை. அது தப்பு என்று தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

அக்டோபர் 25 காலை பத்து மணிக்கு மலை மேல் போனோம். நானும் டார்ல் நேப்பியரும். டார்ல் எங்கள் அலுவலகத்தில் மூத்தவர், அறுபத்து மூன்று வயது. அதற்கு முன் இருபது வருடம் சுரங்கத்துக்கு உள்ளே வேலை பார்த்தவர். நெஞ்சு முழுக்கக் கரித்தூள். பத்து வார்த்தை பேசினால் நாலு முறை இருமுவார். கம்பெனி சார்பில் வந்த ஹோபர்ட், இதைவிடப் பச்சை வேண்டுமென்றால் சொர்க்கத்துக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு மதியமே இறங்கிப்போனான்.

ரீபாவும் வந்திருந்தார். ஆட்சேபம் சொன்னவருக்கு வர உரிமை உண்டு. எந்த இடம் என்று காட்டச் சொன்னேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்தார். அங்கே இருந்தது குட்டைப் புல் படர்ந்த ஒரு பெரிய மேடை. பழைய முகடு இல்லை, பழைய மரம் இல்லை, கை நீட்டிக் காட்ட எதுவுமே மிச்சம் இல்லை.

"இங்கதான் எங்கயோ தம்பி," என்றார். "மலையே உருமாறிப் போச்சு. நான் எதை வெச்சு அடையாளம் சொல்றது?"

நான் தலையாட்டினேன். இடம் காட்ட முடியாத ஆட்சேபம் நிற்காது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. பஸ் எடுக்க நேரமாகிவிட்டது என்று ஒன்றரை மணிக்குக் கிளம்பினார். போகும்போது என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"நீ கையெழுத்துப் போட்டுட்டேன்னா, அப்புறம் நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

எனக்குப் பதில் தெரியும். யாரிடமும் இல்லை.

இனி, அளக்கும் முறையைச் சொல்லவேண்டும். இது புரிந்தால்தான் நடந்தது புரியும். நூறு அடி டேப்பைத் தரையில் நீட்டி இரண்டு முனையிலும் ஆணி அடிப்போம். ஒருவர் டேப்பை ஒட்டி நடப்பார். ஒவ்வோர் அடிக்கும் தன் கைக்கோல் தரையில் எதைத் தொடுகிறதோ அதைச் சொல்வார். புல். வெறும் மண். கல். இன்னொருவர் இந்த முனையில் உட்கார்ந்து, படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக எழுதுவார். நூறு அடி, நூறு கட்டம். சொல்கிறவர் யோசிக்கமாட்டார். எழுதுகிறவரும் யோசிக்கக்கூடாது. கேட்டதை எழுதவேண்டும்.

டார்ல் நடப்பார். நான் எழுதுவேன். பத்து வருடமாக அப்படித்தான்.

நான்கு கோடுகள் முடித்தோம். ஐந்தாவது, கடைசி, கிழக்கு மூலையில். மூன்றரை மணிக்கு மூடுபனி ஏற ஆரம்பித்தது. அந்த மலைகளில் அது கீழேயிருந்துதான் வரும், பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு. நாளைக்கு முடிக்கலாம் என்றேன். ஒரு கோட்டுக்காக மறுபடி ஏறமாட்டேன் என்றார் டார்ல்.

3:52. அவர் நடக்க ஆரம்பித்தார். பத்தடி போனதும் ஆள் மறைந்தார். குரல் மட்டும் வந்தது.

"புல்லு." இருமல். "புல்லு." "வெறும் மண்ணு." இருமல். "கல்லு." "புல்லு."

நான் எழுதிக்கொண்டே போனேன். கை விறைத்தது. கையுறையோடு பேனா பிடிக்க வரவில்லை என்று அதைக் கழற்றிப் பையின் மேல் போட்டேன். பிளாஸ்க்கில் இருந்த காபியை ஒரு வாய் குடித்தேன். மூடி கை நழுவிப் பின்பக்கம் எங்கோ உருண்டது. தேடவில்லை.

ஏதோ ஒரு கட்டத்தில் இருமல் நின்றுவிட்டது. அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. நிம்மதியாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். அந்தக் குளிரில், அந்த ஈரத்தில், டார்ல் இருமாமல் இருக்கவே முடியாது.

"புல்லு." "புல்லு." "புல்லு."

ஐம்பத்தொன்பதாவது கட்டம்.

"கல்லு."

அடுத்தது.

"வின்கா."

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

வின்கா ஒரு கொடி. நம் ஊர் நித்தியகல்யாணிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நித்தியகல்யாணியை நம்மில் பலர் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கமாட்டார்கள் அல்லவா? அங்கேயும் அதே கதைதான். கல்லறை மேல் நடுகிற கொடி அது. வெட்டி மூடிய மலையில் அது வளராது. அதற்குப் படிவத்தில் குறியீடுகூடக் கிடையாது.

டார்ல் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ரீபாவின் கடிதத்தை அவரும் படித்திருந்தார். எரிச்சலாக வந்தது. சரி, எழுதி வைப்போம், கீழே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கட்டத்துக்குள் 'வின்கா' என்றே எழுதினேன்.

"வின்கா." "வின்கா." "வின்கா." "வின்கா." "கல்லு."

இரண்டு முறை புல். பிறகு மறுபடி கல். மறுபடி ஐந்து வின்கா. மறுபடி கல்.

புல்.

கல். வின்கா மூன்று. கல்.

புல்.

கல். வின்கா இரண்டு. கல்.

குரல் சீராக வந்தது. அவசரம் இல்லை. டார்லின் குரல்தான். ஆனால் ஒன்று சரியில்லை. நடக்கிற மனிதனின் குரல் போகப் போகத் தூரமாகவேண்டும். இது ஆகவில்லை. தூரத்துக்குப் பதிலாக உயரம் குறைந்தது. முதலில் ஆள் உயரத்திலிருந்து வந்தது. எண்பதாவது அடியில் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது. அவர் குனிந்து பார்க்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு முறை புல்.

கல். வின்கா மூன்று. கல்.

புல்.

கல். வின்கா இரண்டு. கல்.

"புல்லு." "புல்லு." "புல்லு."

நூறு. கட்டம் முடிந்தது. மணி பார்த்தேன். 4:10. பேனாவை மூடினேன்.

"கல்லு."

பேனாவைத் திறந்து வைத்த இடத்தில் கட்டம் இல்லை. டேப் நூறு அடிதான். அதன் முனையில் ஆணி இருக்கிறது. அதற்கு மேல் அளக்க எதுவும் இல்லை.

"வின்கா."

இப்போது குரல் முழங்கால் உயரத்தில் இருந்தது. மெலிந்திருந்தது.

"கல்லு."

பிறகு மௌனம்.

"அண்ணே?" என்றேன். "முடிஞ்சுது. திரும்புங்க."

பதில் இல்லை. டேப்பின் மேல் கை வைத்தேன். அதை ஒட்டி யாராவது நடந்தால் நாடா அதிரும். அதிரவில்லை. அப்போது யோசித்தேன். எவ்வளவு நேரமாக அது அதிரவில்லை?

4:14.

"மூடி."

குரல் என் பின்னாலிருந்து வந்தது.

நான் அசையவில்லை. மூடி என்றால் என்ன என்று ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. என் பிளாஸ்க்கின் மூடி. பின்பக்கம் உருண்டு போனது...

"பை."

என் பை. எனக்கு இரண்டடி இடது பக்கம்.

அப்போது இருமல் கேட்டது. நன்றாகத் தெரிந்த, இழுத்து இழுத்து இருமுகிற டார்லின் இருமல். வலது பக்கம், வெகு தூரத்தில், வண்டி நிற்கும் இடத்திலிருந்து.

அதே நேரத்தில் இடது பக்கம்...

"கையுறை."

தரையிலிருந்து. தரை மட்டத்திலிருந்து.

"டேப்."

மூச்சு விடவில்லை.

"பூட்ஸ்."

என் இடது கை புல்லில் ஊன்றியிருந்தது.

எடுக்க முடியவில்லை...

"கை."

என் புறங்கையில் ஏதோ பட்டது. ஈரமாக.

மிகச் சிறியதாக.

நான் ஓடினேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. டேப், பை, பிளாஸ்க், எல்லாம் அங்கேயே கிடந்தன. படிவம் மட்டும் கையில் இருந்தது. வண்டிக்குள் விழுந்து கதவைச் சாத்தியபோது மணி 4:19.

டார்ல் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் இருமலை அடக்கிக்கொண்டு என்னடா என்றார். ஏன் பாதியில் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீதானேடா போகச் சொன்னே?"

"நானா?"

"முப்பத்தெட்டு அடியில மூச்சு முட்டிருச்சு. வண்டிக்குப் போறேன்னு கத்தினேன். 'நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்'னு சொன்னியே."

நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் கத்தியது என் காதில் விழவே இல்லை. நான் எங்கேயிருந்து சொன்னேன் என்று கேட்டேன். டார்ல் கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் மாறியது.

"பக்கத்துலேருந்து," என்றார். "என் பக்கத்துலேருந்து."

பிறகு அவர் என் கையிலிருந்த படிவத்தை வாங்கினார். அந்த ஊர்க்காரர் இல்லையா, எனக்குப் புரியாதது அவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. கட்டங்களின் மேல் விரலை வைத்துக் காட்டினார். கல், இது தலைமாடு. கல், இது கால்மாடு. நடுவில் கொடி. முதல் இரண்டும் பெரியவர்கள். மற்றவை சின்னவை. மெதுவாக எண்ணினார். கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில் கிறுக்கியிருந்ததையும் சேர்த்து எண்ணினார்.

"ஏழு வருது. ரீபா ஆறுன்னுதானே சொன்னா?"

அந்த ஓரத்தில் மூடி, பை, கையுறை, டேப், பூட்ஸ் எல்லாம் இருந்தன. கடைசியில் 'கை' என்றும் இருந்தது. அதை எழுதியதாக எனக்கு இன்றுவரை நினைவில்லை. எழுத்து என்னுடையதுதான்.

அடுத்த மூன்று நாள் நான் தூங்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெயில் நாளில் போய்க் கோட்டை மறுபடி அளந்தால் நூறு புல் வரும். கையெழுத்துப் போடலாம். ஹோபர்ட் தினம் இரண்டு முறை போன் செய்தான், கம்பெனி மேலிடம் நெருக்குகிறது என்று. என் பழைய கையெழுத்து கோப்பின் அடியில் அப்படியே புதைந்துவிடும். யாருக்கும் தெரியாது. நான் அதைச் செய்ய நினைத்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தாளைக் கிழிக்க இரண்டு கையிலும் பிடித்துவிட்டேன். இடது புறங்கையில் அந்த ஈரம் இன்னும் இருப்பது போலவே இருந்தது. வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். குரல் பற்றி எழுதவில்லை, வேலை போய்விடும். 2003-இல் அந்த மலையை நடந்து பார்த்தவன் நானே என்று எழுதினேன். கல்லறைக் கற்களை வெறும் கல் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம், கிழக்கு மூலையைத் தோண்டிப் பார்க்காமல் பிணையை விடுவிக்கக்கூடாது என்றும் எழுதினேன். இடத்துக்கு அந்தக் கோட்டின் அளவுகளையே கொடுத்தேன். இதை முன்பே சொல்லாததற்காக என்னை ஒரு மாதம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹோபர்ட் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

பனிக்காலம் முடிந்து, 2019 ஏப்ரலில் தோண்டினார்கள். கிழக்கு மூலையில் மலையை வெட்டவில்லை, பழைய நிலத்தின் மேல் மண்ணைத் தள்ளித்தான் மூடியிருந்தார்கள். மேல் மண்ணை இயந்திரத்தால் எடுத்துவிட்டு, பிறகு மண்வெட்டி, பிறகு கைக்கரண்டி. ஐந்தரை அடி ஆழத்தில் பழைய தரை வந்தது. கறுப்பாக. குறுகிய முகடு என்பதால் ஒருவர் காலடியில் அடுத்தவர் தலை வைத்து, ஒரே நீளக் கோடாகப் புதைத்திருந்தார்கள். கற்கள் நட்டது நட்டபடி நின்றன. அளவு பார்த்தேன். என் தாளில் இருந்த இடைவெளிதான், ஓர் அடிகூட மாறவில்லை.

ரீபா பள்ளத்தின் கரையில் நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். தாத்தா. பாட்டி. பிள்ளைகள் நான்கு பேர். அழவில்லை. ஆறு வந்ததும், போதும் தம்பி, நீ நல்லா இருக்கணும் என்றார்.

தோண்டுகிறவர்களை நூறாவது அடியையும் தாண்டி இன்னும் மூன்றடி போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். போங்கள் என்றேன்.

இரண்டு சின்னக் கற்கள். இடையில் ஓர் அடி. வரிசையிலிருந்து தள்ளி, தனியாக.

ரீபா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கற்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"எழுபத்து மூணுல எனக்குப் பதினாறு வயசு. கல்யாணம் ஆகல. வீட்டுலயே பொறந்துச்சு, சத்தமே வரல. அப்பா ஒரு பெட்டியோட வெளிய போனாரு. விடியறப்ப வெறுங்கையோட வந்தாரு. எங்கன்னு சாகுற வரைக்கும் சொல்லல."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூட. அதனால்தான் கடிதத்தில் ஆறு என்று எழுதினார். ஏழாவதும் அங்கேதான் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அப்போதுதான் நான் அவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் நின்றது, குரல் இறங்கி இறங்கி வந்தது, கடைசியில் என் கை. அவர் சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. தாளின் ஓரத்தில் இருந்த அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"எனக்கு அதைக் காட்டவே இல்ல தம்பி," என்றார். "நீ கேட்டிருக்கியே... பையன் குரலா, பொண்ணு குரலா?"

நான் எத்தனையோ முறை அந்தக் குரலை நினைத்துப் பார்த்திருக்கிறேன். டார்லின் குரலாக ஆரம்பித்தது. முடியும்போது அது யார் குரலாகவும் இல்லை, மிகச் சின்னதாக இருந்தது. ஏதோ ஒன்றைச் சொல்லி அவரை ஆறுதல்படுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. தெரியவில்லை அக்கா என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்த மூலையில் மூடுபனி எந்த மாதம் ஏறும் என்று கேட்டார். அக்டோபர் கடைசியில் என்றேன். டேப்பின் எந்த முனையில் உட்காரவேண்டும், எதை எழுதவேண்டும் என்று கேட்டார். சொன்னேன். பஸ்ஸை மூன்றரைக்கு நிறுத்திவிட்டால் நாலு மணிக்குள் மேலே வந்துவிடலாம் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டார்.

நான் வண்டிக்குப் போய் என் டேப்பை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் தரவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.